இரண்டு கோடுகள்

குடும்பஸ்தன் ஒருவனுடைய வயிற்றில் புளியைக் கரைப்பதற்கு இந்த நாளில் இரண்டு கோடுகள் போதும். ஒன்று, ஆஸ்பத்திரியில் கட்டம் போட்ட காகிதத்தில் யந்திரம் எழுதித் தரும் இருதயக் கோடு. மற்றொன்று, வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் கோடு. முன்னதைப் படிக்க டாக்டர் வேண்டும். பின்னதைப் படிக்க மேஸ்திரி வேண்டும். இருவரும் கோட்டைப் பார்த்தவுடன் முகத்தைச் சற்றே சுளித்து, "ஹூம்!" என்கிறார்கள். அந்த 'ஹூம்' என்ன விலை என்பது நாலைந்து நாளில் தெரிந்துவிடுகிறது.

"எதற்கும் இன்னொருவரையும் கேட்டுப் பார்க்கலாமே" என்று வீட்டில் பேச்சு எழுவது இந்தச் சமயத்தில்தான். பேச்சு எழுவது நியாயமே. கத்தரிக்காய் வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம். கல்யாணத்துக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு ஜோசியரோடு நின்ற குடும்பம் உண்டா? ஆனால் டாக்டர் விஷயத்தில் மட்டும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. "அவர் மனம் நோகுமே! காகிதத்தைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?" என்று பயப்படுகிறோம். இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. நம் நாட்டு வைத்தியர்களுக்காக 2002-ஆம் ஆண்டில் வகுத்த நடத்தை விதிகளிலேயே, நோயாளி கேட்டால் அவருடைய சிகிச்சைப் பத்திரங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று கண்டிருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும், வேறொரு வைத்தியரின் அபிப்பிராயத்தைப் பெறுவது ஓர் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நல்ல டாக்டர் எவரும் இதற்காகக் கோபித்துக் கொள்வதில்லை. கோபித்துக் கொள்ளுகிறவராக இருந்தால், இரண்டாமவரிடம் போவதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும்!

ஆகவே, கேட்கலாமா என்பதல்ல கேள்வி. எப்படிக் கேட்பது என்பதில்தான் நம்மில் பெரும்பாலோர் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

விடைத்தாள் திருத்துவதில் இருபது வருஷம் கழித்தவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டே சொல்லுகிறேன். சர்வகலாசாலைப் பரீட்சைகள் சிலவற்றில் ஒரே விடைத்தாளை இருவர் தனித்தனியே திருத்தும் முறை உண்டு. முதலில் திருத்தியவர் போட்ட மார்க்கு இரண்டாமவர் கண்ணில் படலாகாது. பட்டால் என்ன நேரும்? அங்கே 58 என்று இருந்தால், இவர் 55 போடுவார். அல்லது தாராள மனத்துடன் 60 போடுவார். 35 போட அவருக்குக் கை வராது. அவர் நேர்மையற்றவர் என்பதல்ல. எழுதி வைத்த எண்ணுக்கு மனித மனத்தைப் பிடித்து இழுக்கும் சக்தி அப்பேர்ப்பட்டது. இருவர் மார்க்குக்கும் வித்தியாசம் மிஞ்சிப் போனால் தாள் மூன்றாமவரிடம் போகும். அவரும் தாளைத்தான் படிப்பார். பிளஸ் டூ பரீட்சையில் மறுமதிப்பீடு கேட்கும் மாணவனுக்கும் முதலில் விடைத்தாளின் நகலையே கொடுக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.

இருதயக் கோட்டுக்கும் சுவர்க் கோட்டுக்கும் இதே நியாயந்தான். இரண்டாமவரிடம் கோட்டைக் காட்ட வேண்டும். நாமோ முதலாமவருடைய தீர்ப்பைக் காட்டுகிறோம்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். கண்ணில் புரை வளர்ந்து சத்திர சிகிச்சைக்காக ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கு முன்னால் வழக்கப்படி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். காகிதத்தின் தலைப்பில், 'பழைய மாரடைப்பாக இருக்கலாம்' என்ற பொருளில் யந்திரமே ஒரு வாக்கியத்தை அச்சடித்துத் தந்துவிட்டது. அதற்குக் கீழே, 'டாக்டர் பார்த்து உறுதி செய்யவில்லை' என்று ஒரு குறிப்பும் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. மனுஷருக்கு மார்பு வலி என்பது ஆயுளில் வந்ததில்லை. இருந்தாலும் அன்றிரவு மூத்த பெண்ணை அழைத்து, பாங்கிப் புஸ்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்லி வைத்தார். அம்மாள் அழுத அழுகை அடுத்த தெருவுக்குக் கேட்டது.

மறுநாள் இன்னொரு டாக்டரிடம் போனார்கள். உள்ளே நுழையும்போதே, "ஸார், இவருக்குப் பழைய மாரடைப்பாம்!" என்று மைத்துனர் அறிவித்துவிட்டார். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அச்சடித்த வாக்கியம் முதலில் கண்ணில் பட்டது, "அப்படித்தான் தெரிகிறது. இரத்தக் குழாயில் சாயம் விட்டுப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று குடும்பம் முடிவு செய்தது. உண்மையில் அங்கே இரண்டு அபிப்பிராயம் இருந்ததா? இருந்தது ஒன்றுதான், அதுவும் யந்திரத்தினுடையது. மற்றது அதன் எதிரொலி.

மூன்றாவதாக, அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த அம்மையார் பழைய காகிதத்தைத் தொடவில்லை. "முதலில் சட்டையைக் கழற்றுங்கள், ஐயா" என்றார். விலா எலும்புகளை விரலால் எண்ணி, மின்வாய்களைத் தாமே பொருத்தி, கோட்டைப் புதிதாக எடுத்தார். பிறகுதான் பழையதை வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "அங்கே மார்பில் ஒட்ட வேண்டியதை இரண்டு விலா மேலே ஒட்டிவிட்டார்கள்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடித்தும் பார்த்தார். பழுது ஒன்றுமில்லை. சரித்திர ஆசிரியர் இப்போது இரண்டு கண்ணாலும் நன்றாகப் பார்த்து, எங்களுடைய தப்புக்களை எல்லாம் கண்டுபிடித்து வருகிறார்.

இந்த யந்திரத்தைக் குறை சொல்லுவதற்கில்லை. அதன் பிறப்பே ஒரு ரஸமான கதை. ஜாவாத் தீவில் 1860-ஆம் ஆண்டில் பிறந்து, ஹாலந்து தேசத்து லைடன் நகரில் பேராசிரியராக இருந்த ஐந்தோவன் என்பவர், வெள்ளி முலாம் பூசிய மெல்லிய படிக நூலிழை ஒன்றைக் காந்தங்களின் நடுவே தொங்கவிட்டு, இருதயத்தின் மின்சாரத் துடிப்பை அது ஆடிக் காட்டும்படி செய்தார். அவருடைய யந்திரம் சுமார் 270 கிலோ எடை. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அத்தனை பெரிய யந்திரத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாதல்லவா? ஆகையால் 1905-ஆம் ஆண்டில், ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரி நோயாளிகளின் துடிப்பை டெலிபோன் கம்பி வழியாகத் தம் ஆராய்ச்சிச் சாலைக்கு வரவழைத்தார்! 1924-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஒருவருடைய இருதயக் கோட்டைத் தூரத்திலுள்ள நிபுணருக்கு அனுப்பிக் கேட்பது நேற்று முளைத்த யோசனை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த இரண்டு அறை யந்திரம் இன்று கைப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. உடம்பில் பத்து இடங்களில் மின்வாய்கள். பன்னிரண்டு கோணங்களிலிருந்து கோடுகள். காகிதம் சாதாரணமாக வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். சின்னக் கட்டம் ஒன்றுக்கு 0.04 வினாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டத்துக்கு 0.2 வினாடி. வேகம் இரட்டித்தால் கோடு முழுவதும் அகன்று வேறு ஆசாமியுடையது போல ஆகிவிடும். வலக்கை மின்வாயையும் இடக்கை மின்வாயையும் மாற்றி மாட்டிவிட்டால் முதல் கோடு தலைகீழாகும். இருதயமே வலப் பக்கம் இருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். வயது, ஆணா பெண்ணா என்பவற்றை வைத்தும் யந்திரம் கணக்குப் போடுகிறது. ஆகவே, நாற்பது வயதுக்காரியை எழுபது வயதுக் கிழவர் என்று பதிந்தால் அதன் அபிப்பிராயமும் அதற்கேற்ப மாறக் கூடும். கோட்டின் நெளிவு சுளிவுகள் நமக்கு விளங்க வேண்டாம். ஆனால் காகிதத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் பெயர், வயது, தேதி, மணி, வேகம் இவற்றைப் படிக்க எழுத்துத் தெரிந்தால் போதும்.

யந்திரம் இருக்கட்டும், தேர்ந்த நிபுணர்களும் ஒரே கோட்டை வெவ்வேறு விதமாகப் படிப்பதுண்டு. சில நேர் எதிரான சங்கதிகளும் இதில் உண்டு. முற்றிலும் ஒழுங்கான கோடு வந்த ஒருவருக்கு இருதயக் குழாயில் அடைப்பு இருக்கக் கூடும்; விபரீதமாகத் தோன்றும் கோடு சிலருக்குப் பிறவி முதல் அப்படியே இருந்து, அவர் மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கக் கூடும். ஆதலால் இரண்டாவது டாக்டரிடம் கொண்டுபோகும் பொருள்களில் மிகவும் விலையுயர்ந்தது அதே மனிதருடைய பழைய கோடு. ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்ததிலும் அதே நெளிவு இருக்கிறதென்றால் ஒரு பொருள். போன மாதம் இல்லாதது இன்று இருக்கிறதென்றால் முற்றிலும் வேறு பொருள்.

நிற்க. சுவருக்கு வருவோம்.

என் மைத்துனர் வீடு கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண்ணில் கட்டியது. கரிசல் மண் மழைக் காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வடகிழக்கு மூலையில், ஜன்னல் கோடியிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கண்டது. வந்து பார்த்த மேஸ்திரி கைத்தடியால் இரண்டு தட்டுத் தட்டி, "கடைகாலே போச்சு, ஸார். சுவரை இடித்துக் கட்டணும். ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது" என்றார். மைத்துனர் வேறொரு மேஸ்திரியை அழைத்தார். அவர் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே, "முன்னாடி வந்தவர் எவ்வளவு சொன்னார்?" என்று கேட்டார். மைத்துனரும் சத்திய சந்தராகச் சொல்லிவிட்டார். "நான் ஒன்று இருபதுக்கு முடித்துக் கொடுக்கிறேன்" என்றார் இரண்டாவது மேஸ்திரி.

மைத்துனர் எனக்குப் போன் செய்து, "அத்தான், இரண்டு பேரும் இடிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது ஆளிடம் முப்பதாயிரம் மிச்சம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். இது இரண்டாவது அபிப்பிராயம் அல்ல, மாட்டுச் சந்தைப் பேரம் என்று அவருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. நோயைச் சொல்லுகிறவரும் மருந்தை விற்கிறவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில், நோயின் பெயர் எப்போதும் விற்பனைக்கு இருக்கும் மருந்தை ஒட்டியே அமையும். இடித்துக் கட்டுவதால் ஒரு காசும் லாபமில்லாத ஒருவரிடம் சுவரைக் காட்ட வேண்டும். அவருக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும்.

பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இஞ்ஜினீயர் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். ஆயிரம் ரூபாய் பேசி அழைத்து வந்தார்கள். அவர் செய்த முதற் காரியம், விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியை எழுதியது. விரிசலின் நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சிமெண்டுப் பாலால் ஒட்டினார். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஓரிடத்தில் பூச்சைச் செதுக்கி, விரிசல் செங்கல்லுக்குள் போயிருக்கிறதா, காரையோடு நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு வீட்டுக்கு வெளியே போய், விரிசலை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். குளியலறைத் தண்ணீர் போகும் குழாய் அந்த மூலையில் உடைந்து, மாதக் கணக்காக மண்ணுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. மற்ற மூலைகளில் மண் காய்ந்து சுருங்கியிருக்க, இந்த மூலையில் மட்டும் ஊதிச் சுவரைத் தூக்கியிருந்தது.

"குழாயைச் சரிசெய்யுங்கள். ஒரு மழைக் காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி உடைந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். கார்த்திகையும் போயிற்று, சித்திரையும் போயிற்று. கண்ணாடி முழுசாக இருந்தது. பென்சில் கோட்டை விரிசல் தாண்டவில்லை. அதற்குப் பின் விரிசலை அகலச் செதுக்கி, அடைத்து, மேலே வலை வைத்துப் பூசினார்கள். குழாய் உள்பட எண்ணாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பென்சில் கோடும் தேதியும் சுவரின் பழைய ஈ.சி.ஜி. அல்லாமல் வேறென்ன? விரிசல் என்பது கெட்ட வார்த்தையல்ல. ஓடுகிற விரிசலா, நின்றுபோன விரிசலா என்பதே கேள்வி. பூச்சின் மேல் வலை பின்னினாற்போல் இருக்கும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் போதிய தண்ணீர் விட்டு நனைக்காமல் அவசரத்தில் பூசியதன் பலன். மேல் தளமும் சுவரும் சேரும் இடத்தில் நீளமாகப் படுத்திருக்கும் கோடு, வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது. ஒழுகலும் அப்படியே: கூடத்தில் சொட்டும் தண்ணீர் கூடத்துக்கு மேலேதான் இறங்கியது என்று சொல்ல முடியாது. தளத்துக்குள் பதித்த மின்சாரக் குழாய் வழியாகப் பத்தடி நடந்து வந்தும் சொட்டும். மொட்டை மாடி முழுவதும் தட்டோட்டைப் பெயர்க்கச் சொல்லும் புண்ணியவானிடம், பகுதி பகுதியாக மண் கரை கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுவதும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தளம் தொய்ந்திருந்தால் மட்டும் இந்தப் பரீட்சை கூடாது. தண்ணீரின் பாரம் கொஞ்சமல்ல.

இனி இதற்கு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்குப் போன வருஷம் விடியற்காலையில் மார்பை அழுத்தும் வலி. நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தவுடன், "மாரடைப்பு, உடனே சிகிச்சை தொடங்க வேண்டும்" என்றார்கள். பிள்ளைகள் படித்தவர்கள். காகிதத்தைப் போனில் படம் பிடித்து, வெளியூரிலுள்ள உறவுக்கார டாக்டருக்கு அனுப்பினார்கள். அவர் கண் வைத்தியர். அவர் தமக்குத் தெரிந்த இன்னொருவருக்கு அனுப்பினார். அந்த இன்னொருவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடாமல் வராந்தாவில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். பதில் வந்தது: "மாரடைப்புத்தான்." தெருக்காரர் பிழைத்தார். ஆனால் முன்பெல்லாம் தினமும் காலையில் நாலு மைல் நடந்தவர், இப்போது பால் பூத்துக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் உட்காருகிறார். இரத்தம் கிடைக்காத இருதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் மடிந்துகொண்டே போகிறது, மடிந்தது திரும்புவதில்லை. கட்டியைக் கரைக்கும் ஊசியும், அடைப்பைத் திறக்கும் சிகிச்சையும் முதல் சில மணி நேரத்துக்குள் கிடைத்தால்தான் முழுப் பலன். மார்பு வலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உலகமெங்கும் வைத்தியர்கள் விதி செய்துகொண்டிருப்பது இதனால்தான். அந்த வேளையில் வேண்டிய இரண்டாவது அபிப்பிராயத்தை ஆஸ்பத்திரியே தேடிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு முதல், சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்கு அனுப்பி, நோயாளியைக் காக்க வைக்காமல் சிகிச்சை தொடங்கும் ஏற்பாடு நடத்திக் காட்டப்பட்டது. நம் வேலை 108-க்குப் போன் செய்து வண்டியில் ஏற்றுவது, கையெழுத்துப் போடுவது.

வீட்டிலும் இப்படி ஒரு வேளை உண்டு. தளத்தில் கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்டுக் கட்டிகள் பெயர்ந்து விழுகின்றனவா? தூணிலோ உத்திரத்திலோ விரிசல் ஓடுகிறதா? நேற்று வரை ஒழுங்காகச் சாத்திய கதவு இன்று திடீரென்று நிலையைப் பிடிக்கிறதா? முதலில் குழந்தைகளை அந்த அறையிலிருந்து வெளியேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். அபிப்பிராயங்களை வாசலில் நின்றுகொண்டு கேட்கலாம்.

அவசரமில்லாத போது இருவர் இரு விதமாகச் சொன்னால் என்ன செய்வது? மூன்றாமவர், நாலாமவர் என்று போய்க் கைதூக்கி ஓட்டு எடுப்பது சிலர் வழக்கம். அது பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பொருந்தும். "நீங்கள் சொல்வது சரியா, மற்றவர் சொல்வது சரியா என்பதை எந்தப் பரிசோதனை காட்டிக் கொடுக்கும்?" என்று இருவரையுமே கேட்க வேண்டும். இருதயத்துக்கு ஒலி அலைப் படம் இருக்கிறது. நடக்கவிட்டு எடுக்கும் கோடு இருக்கிறது. சில மணி நேர இடைவெளியில் இரண்டு தரம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சுவருக்குத் தூக்குக்குண்டும், கடைகால் ஓரமாகத் தோண்டிப் பார்க்கும் குழியும் இருக்கின்றன. இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லுகிறவர் கையில் நம்மை ஒப்புவிக்கலாம்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். ஆஸ்பத்திரியில் தரும் ஈ.சி.ஜி. காகிதம் பெரும்பாலும் சூட்டினால் எழுத்து விழும் ரகத்தைச் சேர்ந்தது, மை கிடையாது. வெயிலிலும் வெக்கையிலும் மங்கும். ஜாக்கிரதையாக வைத்திருக்கிறோம் என்று எண்ணி வழவழப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். ஐந்து வருஷம் கழித்து டாக்டர் கேட்கும்போது பீரோவிலிருந்து வெறும் கட்டம் போட்ட காகிதத்தை எடுத்து நீட்ட நேரிடும். வாங்கிய அன்றே நகல் கடையில் இரண்டு பிரதி எடுத்து, எடுத்தபோது வலி இருந்ததா இல்லையா என்பதை ஒரு வரி பின்னால் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து, சுவரில் பென்சிலால் கோடிட்ட தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைக்கலாம். அடுத்த தரம் வெள்ளையடிக்கும்போது அது போய்விடும்.